வரப்பு போடாத இடம்

மார்ச் 2, ஞாயிறு

நாரணேந்தல் வந்து சேர்ந்தேன். பரமக்குடியில் பஸ் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். தங்குவதற்கு மகளிர் குழுக் கட்டடத்தில் ஓர் அறை. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வாளியில் தண்ணீர் நிரப்பி முட்டுக் கொடுக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் கலைப் பட்டறை. தலைப்பு: 'உணவு, மண், பண்பாடு'. ஊர்ப் பெண்கள் தாங்கள் விளைவிப்பதையும் உண்பதையும் படமாக்க வேண்டும். முடிவில் ஒரு கண்காட்சி. நடத்துவது சென்னை டிரஸ்ட் ஒன்று, தலைவி மைதிலி மேடம். நான் களப் பொறுப்பாளர். மேடம் காரில் வரும் நாட்களில் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும், வராத நாட்களில் வேலை பார்க்க வேண்டும்.

கும்பகோணத்தில் ஓவியம் படித்த ஐந்து வருடத்துக்கு இதுதான் கிடைத்தது. சாத்தூரில் அம்மா இதை "கவர்மெண்ட் வேலை மாதிரி" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை.

மார்ச் 3, திங்கள்

முதல் நாள். மிளகாய்த் தோட்டத்தில் பழம் எடுத்துவிட்டு, மூன்று மணிக்குப் பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். விரல்களில் காரம் இருப்பதால் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. வியர்வையைத் தோளில் தேய்த்துக்கொண்டார்கள்.

மேடம் பேசினார். "சோறுங்கிறது வெறும் உணவு இல்ல. அது ஒரு நினைவு."

முன்வரிசையில் இருந்த சீனியம்மாள் கேட்டாள்: "நெனப்ப எப்பிடித்தா திங்கிறது? பெசஞ்சா, கரைச்சா?"

கூட்டம் சிரித்தது. மேடமும் சிரித்தார். அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஏதாவது அறிக்கையில் வரும். சீனியம்மாள் பெயர் வராது.

மார்ச் 5, புதன்

நிறம் தயாரித்தோம். செம்மண், கரிசல், மஞ்சள், விளக்குக் கரி, அவரை இலைச் சாறு. நீலத்துக்கு மட்டும் துணிக்குப் போடும் சொட்டு நீலம். இதையெல்லாம் குழைக்க வேப்பம்பிசின் தேடி ஒரு மணி நேரம் வெயிலில் அலைந்தேன். அந்த நேரத்தில் ஃபெவிகால் வாங்கியிருக்கலாம். மேடம் விடமாட்டார். அவருக்கு எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும். கார் ஏ.சி. தவிர.

வேடிக்கைக்காக இல்லாமல் கேள்வி கேட்பவள் ஒருத்திதான். இருளாயி. நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, பேசும்போது முகம் பார்க்காமல் கையைப் பார்ப்பாள்.

"இதையெல்லாம் எதுக்குத்தா வரையச் சொல்றீக?"

"கண்காட்சிக்கு."

"யாரு பாப்பாக?"

"எல்லாரும்."

"எல்லாருமா" என்று திரும்பச் சொன்னாள். பிறகு மஞ்சள் அரைக்கப் போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழன்

தலை குளித்தேன். உப்புத் தண்ணீர். முடி தேங்காய் நார்.

மார்ச் 8, சனி

இருளாயி வீட்டில் எனக்குத் தட்டைப்பயற்றுக் குழம்பு. போன கோடையில் காய்ந்த பயறு. யார் நிலத்தில் விளைந்தது என்று கேட்டேன். அவளுக்கு நிலம் இல்லை என்பது எனக்குத் தெரியும். "கெடச்சது" என்றாள். விடாமல் கேட்டேன். நாலைந்து தடவை கேட்டபின், "ஒன்னோட பெரிய தொந்தரவு, வா" என்று கண்மாய்க்கு அழைத்துப் போனாள்.

கண்மாய் வற்றிவிட்டது. கரையில் நின்று பார்த்தால் மேற்கே வேலி போட்ட பருத்தி, வரப்பு, மோட்டார் செட். கிழக்கே ஒன்றுமில்லை, கருவேலம், கோரை, ஏதேதோ கொடி. கிழக்கே இறங்கினோம்.

உள்ளே போய்த்தான் தெரிந்தது. கோரை நடுவே தட்டைப்பயறு நாலு விரல் உயரம் நிற்கிறது. கருவேலஞ் செடியின் காலடியில் வெள்ளரி கொடி விடுகிறது. பூசணி, கொத்தவரை, இடையில் கீரை. எதுவும் வரிசையில் இல்லை. வரப்பே இல்லை.

"யாரோட எடம் எதுவரைக்கும்னு எப்படித் தெரியும்?"

"தெரியும். அந்தா ஒத்தக் கொத்தவரை நிக்கிதுல்ல, அதுக்கு இங்கிட்டு நானு. அங்கிட்டு சீனியம்மா. அதுக்கு அங்கிட்டு மூணு பேரு." அந்த மூவரின் பெயரையும் சொன்னாள்.

"வரப்பு போட்டுக்கலாமே?"

"வரப்பு போட்டா கண்ணுக்குத் தெரியும்ல?" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "இது கவர்மெண்டு கண்மாயி. கரையில நிக்கிறவனுக்கு இது காடாத்தான் தெரியணும்."

தண்ணீர் வற்றியதும், ஈரம் காய்வதற்குள் விதைக்கிறார்கள். பாசனம் கிடையாது. சித்திரையில் காய் எடுத்து, மழை பெய்து கண்மாய் நிறையும்வரை அதை வைத்துத்தான் ஐந்து வீட்டில் குழம்பு. இருபது வருடமாக நடக்கிறது. இதைவிடப் பெரிய கலை இந்தப் பட்டறையில் எதுவும் இல்லை.

மேற்கைக் காட்டி, "அது?" என்றேன்.

"பூமிநாதன் அய்யா வெள்ளாம. அங்கிட்டுப் பாக்காத, நட."

பூமிநாதன் முன்னாள் ஊராட்சித் தலைவர். இவர்கள் பழம் எடுப்பதும் அவர் மிளகாய்த் தோட்டத்தில்தான். வேலியும் மோட்டாரும் வைத்தவனுக்கு என்ன, நிம்மதியாக விவசாயம் செய்கிறான். இவர்கள் விதைத்ததைக் காடு என்று காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திரும்பும் வழி முழுக்க எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

பெரிய வேலை தொடங்கியது. பன்னிரண்டு அடிக் காடாத் துணியில் ஊரின் உணவு வரைபடம். எந்த இடத்தில் என்ன விளைகிறது, என்ன பறிக்கிறார்கள் என்று பெண்களே வரைந்து, அந்தந்த இடத்தில் விதையை ஒட்ட வேண்டும்.

வீடுகள், ரேஷன் கடை, முருங்கை மரங்கள், சாணிக் குப்பையில் தானாக முளைத்த தக்காளி எல்லாம் வந்துவிட்டன. ரேஷன் கடைக்கு முன்னால் சீனியம்மாள் ஒரு நீண்ட வரிசையை வரைந்தாள். கடைசியில் நிற்பவள் தலை நரைத்திருந்தது. "வரிசையில சேந்தப்ப கறுப்பாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மார்ச் 12, புதன்

கண்மாய் இருக்கும் இடத்தில் முழுக்க நீலம் பூசியிருக்கிறார்கள். மேலே மீன். ஏழு மீன், ஒரு கொக்கு.

"கண்மாய் காய்ஞ்சு கிடக்கு. மீன் எங்கிருந்து வந்தது?" என்றேன்.

இருளாயிதான் சொன்னாள்: "நீலமே இருக்கட்டும் தாயி. பாக்க நல்லாருக்குல்ல?"

மேடத்துக்கும் மீன் ரொம்பப் பிடித்துவிட்டது. அதோடு நின்று மூன்று படம் எடுத்துக்கொண்டார். பொய் அழகாக இருந்தால் போதும் இவர்களுக்கு.

இருளாயிமேல்தான் எனக்குக் கோபம். காலம் காலமாக அடங்கிப் பழகியவர்களுக்குத் தாங்கள் செய்ததைத் தாங்கள் செய்தோம் என்று சொல்லக்கூடக் கூச்சம். கண்காட்சிக்கு வருகிறவர்கள் மீனைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் சோறு எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

மதியம் பெண்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். பந்தல் போட பூமிநாதன் ஆள் அனுப்பியிருந்தார். ஷாமியானா, நாற்காலி, மைக் எல்லாம் அவர் உபயம். நாளைக்கு அவர்தான் திறந்துவைக்கிறார்.

நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை வரைபடத்தை முடித்தேன். நீலத்தின்மேல் கரிசல் குழம்பைப் பூசினேன். மீன் போய்விட்டது. கொக்கை மட்டும் விட்டேன். மேற்கே பருத்தித் தோட்டத்தைப் பச்சையாக வைத்து, அதன் வேலியோடு கண்மாய் எல்லையை நிறுத்தினேன். கிழக்கே ஐந்து பட்டைகள். தட்டைப்பயறு, வெள்ளரி விதை, பூசணி விதை என்று அவர்கள் கொடுத்த விதைகளையே ஒட்டினேன். அளவு சரியாக வர வேண்டும் என்று மறுபடியும் கண்மாய்க்குப் போய் எட்டு வைத்து எண்ணிவிட்டு வந்தேன். ஒவ்வொரு பட்டையிலும் பெயர். பெயர் இல்லாத உழைப்பு எனக்குப் பிடிக்காது.

நான் இதுவரை செய்ததில் இதுதான் நல்ல வேலை.

மார்ச் 15, சனி

கண்காட்சி நடந்தது. கேழ்வரகுப் பால், சுண்டல். மேடம் 'மண்ணின் மொழி' என்று நாலு முறை சொன்னார். நான் எண்ணினேன்.

வரைபடத்தின் முன்னால் பூமிநாதன் நெடுநேரம் நின்றார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. "அருமையா வந்துருக்கு. அளவெல்லாம் கச்சிதம். யாரு வரஞ்சது?"

"ஊர்ப் பெண்கள்" என்றார் மேடம்.

"அப்பிடியா, அவுகளேவா?" என்றார். போனில் படம் எடுத்தார். முழுதாக ஒன்று, கிழக்கு மூலை மட்டும் இரண்டு. எங்களையும் நிற்கச் சொல்லி ஒன்று எடுத்தார்.

மேடத்துக்கு மீன் போனதில் வருத்தம். காரில் ஏறும்போது, "அனுசியா, உனக்கு அழகுமேல ஏன் இவ்வளவு கோபம்?" என்றார். பதில் சொல்வதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

இருளாயி வந்தாள். வரைபடத்தைப் பார்த்தாள். சுண்டல் வாங்காமல் போய்விட்டாள். வேலை அசதி இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். ஆவணப்படுத்தும் வேலைக்காக ஏப்ரல் நடுவரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 21, வெள்ளி

அறிக்கை பதினாலு பக்கம். தண்ணீர் கேன் வரவில்லை.

மார்ச் 26, புதன்

தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ். தலையாரி கொண்டுவந்து ஐந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கண்மாய் மதகிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. அரசுக்குச் சொந்தமான நீர்நிலையில் ஆக்கிரமிப்புச் செய்து பயிரிட்டிருப்பதாகத் தெரியவருகிறது. ஏப்ரல் எட்டாம் தேதி நேரில் தணிக்கை. பயிர் இருந்தால் அகற்றப்படும், வழக்குப் பதியப்படும்.

ஐந்து பெயர்கள். தெற்கிலிருந்து வடக்காக, வரைபடத்தில் நான் எழுதிய அதே வரிசை.

பெண்கள் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். படித்தேன்.

"கேசுன்னா?" என்றாள் சீனியம்மாள்.

"பெயர் பதிவாகும். அப்புறம் அங்கே போனால் பிடிப்பார்கள்."

"இந்த வருசமா, எப்பவுமேவா?"

"எப்பவுமே."

சீனியம்மாள் நோட்டீஸை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று அவள் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

மேடத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார். "டிரஸ்ட் அரசாங்கத்தோட மோத முடியாது. நீ உணர்ச்சிவசப்பட்டு எதுவும் எழுதிடாதே. அது மக்கள் வரைஞ்ச படம். நாம சொல்லி வரையலை." அப்படிச் சொல்லிவிட்டு அறிக்கை எப்போது வரும் என்று கேட்டார்.

இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் ஊர் ஊராகப் பட்டறை நடத்துகிறோம்.

மார்ச் 28, வெள்ளி

இருளாயி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வரைபடத்தைச் சுருட்டி சுவர் ஓரம் வைத்திருந்தேன். அதை விரிக்கச் சொன்னாள்.

"இது எம் பேரா?"

"ஆமாம்."

"இது?"

"சீனியம்மாள்."

விரலை மற்ற மூன்று பெயர்களின்மேலும் நகர்த்தினாள்.

"நாங்க அஞ்சு பேரும் கைநாட்டு. பேங்குல பெருவிரல்தேன் வைக்கிறோம். இந்தப் பேர எழுதுன கை எது?"

பூமிநாதன் சதி, தாலுகா ஆபீஸ் சதி என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஒன்னயக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனது நாந்தேன். வீட்டுக்கு வீடு அதத்தான் கேக்குறாளுக" என்றாள்.

அவள் போனபின் நெடுநேரம் பாத்திரம் தேய்த்தேன். இரண்டு பாத்திரம்தான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தாலுகா ஆபீஸ் போனேன். பதினொரு மணிக்குப் போய் இரண்டரைக்கு ஆர்.ஐ.யைப் பார்த்தேன். வருவாய் ஆய்வாளர், ஐம்பதுக்குள் வயது, களைத்த மனிதர். மேஜையில் என் வரைபடம், கலரில் பிரிண்ட் எடுத்து, கோப்பில் கட்டியிருக்கிறது.

"நல்லா வரையுறீங்கம்மா" என்றார். உண்மையாகவே சொன்னார். "கண்மாய் ஆக்கிரமிப்ப எடுத்துட்டு ரிப்போர்ட் குடுன்னு மேலருந்து நெருக்குறாங்க. ஊருக்கு ஊரு கணக்குக் கேக்குறாங்க. உங்க ஊருக்கு யாரு பேரும் இல்லாம இருந்துச்சு. இப்ப மனுவோட படமும் வந்துருச்சு. அவங்களே வரஞ்சு அவங்களே பேரு போட்டது. இதவிட என்ன வேணும்?"

"மனு கொடுத்தது பூமிநாதனா?"

"பேரு சொல்லக் கூடாது."

வரும் வழியில் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவரிடம் சொன்னேன். மேற்கே வேலி போட்ட பருத்தி, பட்டா நிலம் அல்ல. அதுவும் கண்மாய்தான். ஆறு ஏக்கர். டீக்கடைக்காரருக்குத் தெரியும், ஊர் முழுக்கத் தெரியும். வேலியையும் வரப்பையும் பார்த்துவிட்டு நான் மட்டும்தான் பட்டா என்று நினைத்திருக்கிறேன்.

ஆர்.ஐ. கோப்பை என் பக்கம் திருப்பினார். பருத்தித் தோட்டத்தின் வேலியில் விரல் வைத்தார். "இதுல கண்மாய் எங்க முடியுது?"

வேலியோடு முடிகிறது.

"அப்ப, உங்க ஊர்க்காரங்க கணக்குப்படியே அது வெளியில இருக்கு" என்றார். "சர்வே பண்ணணும்னா தனியா மனு போடுங்க. ரெண்டு மூணு வருசம் ஆகும்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஏப்ரல் 3, வியாழன்

ஐந்து பெண்களும் நானும் குழுக் கட்டடத்தில் கூடினோம். பத்திரிகைக்குச் சொல்லலாம், கலெக்டரிடம் மனுநாளில் நிற்கலாம், மேற்கையும் சேர்த்து அளக்கச் சொல்லலாம் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரு நிருபர் மதுரையில் இருக்கிறார்.

"நாளைக்குப் பழம் எடுக்க எங்களைக் கூப்பிடுறது ஒன்னோட பத்திரிகைக்காரனா?" என்றாள் இருளாயி.

"அவர் ஆறு ஏக்கர் வைத்திருக்கிறார். நீங்கள் ஆளுக்குப் பத்து சென்ட்."

"அது எங்களுக்குத் தெரியாதா? நீ வந்துதேன் சொல்லணுமா? அளந்தா ரெண்டு பக்கமும் அளப்பான். அவுக கோர்ட்டுக்குப் போயி தடை வாங்கிட்டு இருந்துக்குவாக. நாங்க எங்க போறது?"

மற்ற மூவரில் ஒருத்தி அழத் தொடங்கினாள். சீனியம்மாள் அவளை அதட்டினாள். "ஏண்டி, கண்ணீர் விட்டா வெள்ளரி வெளையுமா? உப்புத் தண்ணி, செடி கருகிப் போகும்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஏத்தா, அந்தப் படம் பொய்யின்னு எழுதிக் குடு."

"அது பொய் இல்லை" என்றேன்.

"நெசமா இருக்கப்போயித்தான பொய்யின்னு எழுதச் சொல்றோம்."

"எழுதினாலும் எட்டாம் தேதி வந்து பார்ப்பார்கள். பயிர் நிற்குமே."

பயறு பூத்திருக்கிறது. வெள்ளரி பிஞ்சு விட்டிருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் காய் எடுக்கலாம். இது எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"நிக்காது" என்றாள் இருளாயி.

ஏப்ரல் 4, வெள்ளி

'நில அளவைக் கோரிக்கை மனு' எழுதினேன். நாலு பக்கம். யாருக்கும் அனுப்பவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலை பத்து மணிக்குக் கண்மாய்க்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சீனியம்மாளின் ஒன்பது ஆடு, அவள் கொழுந்தன் வீட்டு முப்பது, இன்னும் யார் யாருடையதோ. எழுபதுக்கு மேல் இருக்கும். கரையிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆடுகள் முதலில் நம்பவில்லை. எந்த நாளும் கம்பெடுத்து விரட்டப்பட்ட இடம். நின்று நின்று பார்த்தன. சீனியம்மாள் ஒரு கிடாயின் கொம்பைப் பிடித்து இழுத்துப்போய் பயற்றில் விட்டாள்.

"தின்னு. சீதனமா வந்துருக்கு, தின்னுத் தொலை."

அதன்பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் தட்டைப்பயறு. பூவோடு தின்றன. வெள்ளரிக் கொடியை அவ்வளவாகத் தொடவில்லை, மிதித்தன. தொடாத கொடியைப் பெண்கள் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். பிடுங்கியது வாடிய பிறகு ஆடுகள் தின்றன. பிஞ்சு வெள்ளரியை இருளாயி மடியில் சேர்க்கவில்லை. சுண்டுவிரல் பருமன் இருந்தவற்றைக்கூட ஆட்டுக்கே போட்டாள். வீட்டில் பிஞ்சு இருந்தால் நாளைக்குக் கேள்வி வரும்.

நானும் பிடுங்கினேன். பூசணிக் கொடியில் சுணை, கை முழுக்க அரிப்பு. ஒற்றைக் கொத்தவரையைப் பிடுங்கப் போனபோது இருளாயி என் கையைத் தட்டிவிட்டாள். அவளே பிடுங்கினாள்.

ஒரு மணிக்குள் முடிந்துவிட்டது. கோரையும் கருவேலமும் புழுக்கையும் மிச்சம். பொழுது சாய, செடி பிடுங்கிய தடத்தை எல்லாம் வேப்பங்குழையால் கூட்டினார்கள்.

மேற்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆர்.ஐ., வி.ஏ.ஓ., தலையாரி, பூமிநாதன், அவர் ஆட்கள் இருவர். பெண்கள் ஐந்து பேரும் கரையில் நின்றார்கள். ஆடுகள் உள்ளே.

ஆர்.ஐ. கிழக்கே இறங்கி நடந்தார். செருப்பில் புழுக்கை ஒட்டியது. பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். வரப்பு ஏதும் இல்லாததால் படத்தில் உள்ள பட்டைகளைத் தரையில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நேத்துக் காலையிலவரைக்கும் பயிர் நின்னுச்சு சார்" என்றார் பூமிநாதன்.

"இப்ப நிக்குதா?"

"ஆட்ட விட்டு அழிச்சிருக்காளுக."

ஆர்.ஐ. இருளாயியைக் கூப்பிட்டார். "இங்க என்னம்மா வெதச்சீங்க?"

"இங்கிட்டு என்னய்யா இருக்கு. ஆடு மேயுது."

"படத்துல உன் பேரு இருக்கே?"

"எனக்கு எழுதத் தெரியாதுங்கய்யா." கையைப் பார்த்தபடி சொன்னாள். குரலில் ஒரு மடிப்பும் இல்லை.

அப்போது நான் என் கடிதத்தைக் கொடுத்தேன். கரையிலேயே நின்று ஆர்.ஐ. சத்தமாகப் படித்தார்: "மேற்படி வரைபடம் கலைப் பயிற்சிக்காகச் செய்யப்பட்டது. அதில் காட்டப்பட்டுள்ள பயிரும் இடமும் எல்லைகளும் கற்பனை. பெயர்களை நானே எழுதினேன். அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் எழுதினேன். இப்படிக்கு, அனுசியா."

அந்தக் கடிதத்தில் ஒரு வரி பொய்.

"எல்லைகளும் கற்பனைன்னா, மேற்கு எல்லையுமா?" என்று கேட்டார் ஆர்.ஐ. பூமிநாதன் திரும்பிப் பார்த்தார். இருளாயியும் பார்த்தாள்.

சொல்ல வாய் வந்தது. ஆறு ஏக்கர், மோட்டார், வேலி, எல்லாம் நூறு தப்படித் தூரத்தில். ஒரு 'ஆமாம்' போதும். அளக்கும் கருவி வந்து இறங்கும், கிழக்கும் சேர்ந்து அளக்கப்படும்.

"எனக்கு அளக்கத் தெரியாது சார்" என்றேன்.

ஆர்.ஐ. ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மனிதருக்கு வெயில், பசி, இன்னும் நாலு கண்மாய் பார்க்க வேண்டும். 'தணிக்கையில் சாகுபடி ஏதும் காணப்படவில்லை. மேய்ச்சல் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து பேர்மேலும் வழக்கு இல்லை.

பூமிநாதன் போகும்போது என்னிடம், "நல்லாப் படிச்ச புள்ள" என்றார். பிறகு பெண்களிடம், "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துருங்க, பழம் உதுருது" என்றார். "சரிங்கய்யா" என்றார்கள்.

ஏப்ரல் 9, புதன்

மேடம் போன் செய்தார். விஷயம் எப்படியோ அவருக்குப் போயிருக்கிறது. "கற்பனை வரைபடம்! எவ்வளவு அழகான தலைப்பு அனுசியா. சென்னையில ஜூன் மாசம் ஒரு பெரிய கண்காட்சி. அதுல இதுதான் நடுச்சுவர்."

தரமாட்டேன் என்றேன். அது டிரஸ்ட்டின் சொத்து என்றார். துணியைச் சுருட்டி பஸ் பார்சலில் போட்டேன். அனுப்புமுன் பெயர்களின்மேல் கரிசல் பூசிவிட்டேன். ஈரம் காய்ந்ததும் எழுத்து லேசாக மேலே தெரிந்தது. இரண்டாம் பூச்சு போட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐந்து வீட்டிலும் ரேஷன் பருப்பு. இருளாயி வீட்டைக் கடக்கும்போது வாசனையில் தெரிந்தது. சாப்பிடக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

கிளம்பினேன். அடுத்த பட்டறை சிவகங்கைப் பக்கம், அதே தலைப்பு. வேறு வேலை கிடைக்கும்வரை போகத்தான் வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் இருளாயியும் சீனியம்மாளும் நின்றிருந்தார்கள். பரமக்குடி ஆஸ்பத்திரிக்கு, சீனியம்மாளுக்குக் கண் பார்க்க. மிளகாய்க் கையால் தெரியாமல் துடைத்துவிட்டாளாம். "ஒரு கண்ணுல நீ அழகாத் தெரியிற தாயி. ரெண்டாவது கண்ணையும் தொடைச்சிருக்கலாம்" என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். இருளாயி பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் எடுத்த போட்டோக்களை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். கொடுத்தேன். இருளாயி வாங்கிக்கொண்டாள், பிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த வருடம் கண்மாய் வற்றியதும் அங்கேயே விதைப்பீர்களா, விதைக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன்.

"எங்கிட்டு?" என்றாள்.

"கண்மாயில். கிழக்கு மூலையில்."

தன் கையைப் பார்த்தாள்.

"அங்கிட்டு என்னத்தா இருக்கு. ஆடு மேயுது."

பஸ் வந்தது. அவர்கள் இருவரும் முன்படியில் ஏறினார்கள். நான் பின்படியில் ஏறினேன்.